மரநடு விழாவும் பதிவேடும்: தமிழக மாணவர் சூழலியல் செயற்பாட்டின் வரலாற்றில் சேர்வராயன் மலை

ஆய்வுச் சுருக்கம்

மாணவர்களைக் கொண்டு நடைபெறும் சூழலியல் பணிகள் இந்தியாவில் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உடையவை. 1928இல் சாந்திநிகேதனில் தொடங்கிய மரநடு விழா, 1950இல் அறிவிக்கப்பட்ட வனமகோற்சவம், 2001–02இல் உருவான தேசிய பசுமைப் படை எனத் தொடரும் இவ்வரலாற்றில், நட்ட கன்றுகளின் எண்ணிக்கையே பெரும்பாலும் பயனின் அளவுகோலாக விளங்கியது. 1988இல் சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புப் பணியும், 2010க்குப் பின் கேரளப் பள்ளிகளில் வேரூன்றிய மரப்பருவப் பதிவும் வேறோர் அளவுகோலை முன்வைத்தன. அவ்வளவுகோல் தொடர்ச்சியான பதிவேடு ஆகும். ஏற்காட்டை உள்ளடக்கிய சேர்வராயன் மலையின் நிலவரலாற்றையும் பள்ளி வரலாற்றையும் இவ்விரு போக்குகளோடு ஒப்பிட்டு, மாணவர் பணி சூழலியல் பயன் தருவதற்குப் பதிவின் தொடர்ச்சியே அடிப்படை என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்

சேர்வராயன் மலை, ஏற்காடு, சுற்றுச்சூழல் கல்வி, தேசிய பசுமைப் படை, பங்குனி ஆமை, குறிஞ்சி, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு

1. முன்னுரை

மாணவப் பருவம் கடந்து செல்லும் பருவமாகும். ஒரு பள்ளியில் ஒருவர் மிகுதியாகப் பயிலக்கூடிய காலம் பன்னிரண்டு ஆண்டுகள். சுற்றுச்சூழல் மன்றம் ஒன்றில் அவர் முனைப்புடன் இயங்கும் காலம் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளே. அவர் நடும் மரமோ நிழல் தருவதற்குப் பத்தாண்டுகளும், முதிர்வதற்கு அதனினும் பன்மடங்கு காலமும் எடுத்துக்கொள்கிறது. ஒரு நீரூற்று வற்றுவதும், ஒரு பறவையினம் குறைவதும், ஒரு பூவின் பருவம் முன்னதாக நகர்வதும் ஒரு தலைமுறை மாணவரின் கண்ணுக்குத் தனித்துப் புலப்படுவதில்லை. மாணவரின் காலத்துக்கும் இயற்கையின் காலத்துக்கும் இடையிலான இவ்விடைவெளியே பள்ளிச் சூழலியல் பணிகளின் மையச் சிக்கல் எனலாம்.

இச்சிக்கலை வெவ்வேறு காலங்களில் கல்வியாளர்களும் அரசும் மாணவர்களும் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. ஆய்வுக்களமாகச் சேர்வராயன் மலை கொள்ளப்படுகிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட உறைவிடப் பள்ளிகள், பழங்குடி மக்களின் குடியிருப்புகள், காப்பித் தோட்டங்கள், கனிமச் சுரங்க நிலங்கள், தாவரவியல் ஆய்வுத் தோட்டம் ஆகிய ஐந்தும் ஒரே மலைத்தொகுதியில் அமைந்திருப்பது இக்களத்தின் சிறப்பாகும்.

2. சேர்வராயன் மலை: நட்டு மாற்றப்பட்ட நிலம்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சேர்வராயன் மலை சேலம் நகருக்கு வடகிழக்கே அமைந்துள்ளது. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும், சேர்வராயன் கோயில் அமைந்த முகடு ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்திலும் உள்ளன. 'ஏரி', 'காடு' ஆகிய இரு சொற்களின் சேர்க்கையே ஏற்காடு என்னும் ஊர்ப்பெயர் என்பது பரவலான விளக்கம். மலையின் தொல்குடிகள் மலையாளி எனப்படும் தமிழ் பேசும் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் மலையேறி வந்தனர் என்பது அவர்தம் வழிவழிக் கதை. சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களே அவர்களது வேளாண்மையின் அடிப்படையாக இருந்தன. ஆண்டுதோறும் கோடையில் நிகழும் சேர்வராயன் கோயில் விழா இன்றும் அம்மக்களை ஒன்றுகூட்டுகிறது.

இம்மலையின் தாவரப் போர்வை 19ஆம் நூற்றாண்டில் பெருமாற்றம் அடைந்தது. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய எம்.டி. காக்பர்ன் இங்குக் காப்பியையும் பேரி, ஆப்பிள் முதலிய பழமரங்களையும் அறிமுகம் செய்தார். நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் காப்பித் தோட்டங்கள் மலையெங்கும் விரிந்தன. காப்பிச் செடிக்கு நிழல் வேண்டியிருந்தமையால் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சில்வர் ஓக் மரம் பெருமளவில் நடப்பட்டது. அம்மரத்தின் நேரிய தண்டு மிளகுக் கொடி படர்வதற்கும் ஏற்றதாக அமைந்தது. இன்று ஏற்காட்டுக்கு வருவோர் கண்டு வியக்கும் பசுமையில் கணிசமான பகுதி மனிதர் தேர்ந்து நட்டதேயாகும்.

மரம் நடுதல் என்னும் செயல் தன்னளவிலேயே காடு காத்தல் ஆகிவிடாது என்பதற்கு இம்மலை ஒரு வரலாற்றுச் சான்று. எந்த மரம், யாருக்காக, எதனை அகற்றிய இடத்தில் நடப்பட்டது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பிய பின்னரே நட்ட மரத்தின் மதிப்பைக் கூற இயலும். மலையின் பெயரையே தன் அறிவியல் பெயரில் தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்னும் மரம் இம்மலைப் பகுதிக்கே உரிய அரிய தாவரமாகும். சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்த ஜே.எஸ். கேம்பிள் அதற்கு இப்பெயரை இட்டார். மலைக்கே உரிய மரம் அருகி நிற்க, கடல் கடந்து வந்த மரம் பெருகி நிற்பது சேர்வராயன் மலையின் சூழலியல் வரலாற்றைச் சுருங்கச் சொல்லும் முரணாகும்.

20ஆம் நூற்றாண்டில் மலையின் மேற்பரப்பிலிருந்த பாக்சைட் கனிமம் மற்றொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. மேட்டூரில் 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய அலுமினிய ஆலைக்குச் சேர்வராயன் மலையின் பாக்சைட் மூலப்பொருளாயிற்று. அவ்வாலையின் அலுமினிய உற்பத்தி 2008இல் நின்றது. மலைமுகட்டில் தோண்டப்பட்ட நிலம் மீண்டும் பசுமை பெறுகிறதா, பெறின் எத்தாவரங்களால் பெறுகிறது என்பன இன்றளவும் பொருளுடைய வினாக்கள்.

இம்மாற்றங்களுக்கு இடையே அறிவுசார்ந்த ஒரு முயற்சியும் நிகழ்ந்தது. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963இல் ஏற்காட்டில் ஆய்வுத் தோட்டம் ஒன்றை நிறுவியது. தேசிய ஆர்க்கிட் தோட்டமாக வளர்ந்த அது, தென்னிந்திய ஆர்க்கிட் இனங்களையும் அருகிவரும் தாவரங்களையும் பேணிவருகிறது. அங்குள்ள ஒவ்வொரு செடிக்கும் அது எங்கிருந்து, எப்போது கொண்டுவரப்பட்டது என்னும் குறிப்பு இன்றியமையாதது. குறிப்பில்லாத செடி தோட்டத்துக்கு அழகாகலாம், ஆய்வுக்கு உதவாது.

3. மலையில் பள்ளிகள்

ஐரோப்பியர் தம் பிள்ளைகளைச் சமவெளியின் வெப்பத்திலிருந்தும் நோய்களிலிருந்தும் காக்க மலைவாழிடங்களில் உறைவிடப் பள்ளிகளை நிறுவினர். உதகை, கொடைக்கானல் ஆகியவற்றைப் போலவே ஏற்காடும் இவ்வழியில் பள்ளிகளின் ஊராயிற்று. குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1894இல் திருஇருதயப் பள்ளியையும், புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917இல் மான்ஃபோர்ட் பள்ளியையும் தொடங்கினர். விடுதலைக்குப் பின் அரசுப் பள்ளிகளும், பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் மலைக்கிராமங்களில் உருவாயின.

இதனால் ஒரே மலையில் இருவகை மாணவர்கள் பயில்கின்றனர். ஒரு சாரார் சென்னை, பெங்களூரு முதலிய நகரங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து தங்கிப் படித்து, பள்ளிப்படிப்பு முடிந்ததும் மலையை விட்டு நீங்குவோர். மறுசாரார் மலையிலேயே பிறந்து வளர்ந்தோர். இவர்களது குடும்பத்தார் மரம், கிழங்கு, தேன், மழைக்குறி ஆகியவற்றை வாழ்வனுபவத்தால் அறிந்தவர்கள். முன்னவர்க்கு ஆய்வுக்கருவியும் நூலகமும் எட்டும் தொலைவில் உள்ளன. பின்னவர்க்கு ஓரிடத்தில் நிலைத்து நோக்கிய தலைமுறைகளின் அறிவு வாய்த்துள்ளது. சூழலியல் பணிக்கு இவ்விரண்டும் தேவை. இவ்விரு சாராரும் ஒரே குறிப்பேட்டில் எழுதும் வாய்ப்பை ஏற்படுத்துவதே மலைப்பகுதிச் சுற்றுச்சூழல் கல்வியின் முதன்மையான அமைப்புச் சிக்கல் எனலாம்.

4. மரநடு விழாவிலிருந்து பசுமைப் படை வரை

கல்வி நிறுவனம் ஒன்றில் மரம் நடுதலை விழாவாக்கிய முன்னோடி இரவீந்திரநாத் தாகூர். 1928இல் சாந்திநிகேதனில் மாணவர்கள் பங்கேற்க அவர் தொடங்கிய விருட்சரோபண விழா, பாட்டும் நடனமும் இணைந்த கலைநிகழ்வாக அமைந்தது. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையும் நிலத்துப் பணியையும் பாடத்தின் மையத்தில் வைத்தது. தமிழகத்தில் பிறந்த ஜே.சி. குமரப்பா 1945இல் வெளியிட்ட 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய நூலில், இயற்கையின் வளத்தை அழியும் வளம், அழியா வளம் எனப் பகுத்து நோக்கும் பார்வையை வளர்த்தார். இம்மூன்று முயற்சிகளும் மாணவர் இயற்கையோடு கொள்ளும் உறவைப் பண்பாடாகவும் உழைப்பாகவும் கண்டன. எண்ணிக்கை அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை.

1950 சூலையில் நடுவண் வேளாண்மைத்துறை அமைச்சர் கே.எம். முன்ஷி வனமகோற்சவத்தை நாடு தழுவிய இயக்கமாக்கினார். ஆண்டுதோறும் மழைக்காலத் தொடக்கத்தில் பள்ளிகள், அலுவலகங்கள், ஊராட்சிகள் மரம் நடும் வழக்கம் இதன்வழிப் பரவியது. அரசு இயக்கமாக மாறிய நிலையில் நட்ட கன்றுகளின் கணக்கு அறிக்கையில் இடம்பெறத் தொடங்கியது. நட்டவற்றுள் எத்தனை பிழைத்தன என்னும் கணக்கு அத்தகைய முதன்மையைப் பெறவில்லை. கன்று நடும் நாள் விழாநாள் ஆகும். அதற்கு நீர் வார்க்கும் நாள்களுக்கு விழா இல்லை. குறிப்பாகத் தமிழகத்தின் கோடையை ஒரு கன்று கடப்பது, ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி மூடியிருக்கும் விடுமுறைக் காலத்தை அது கடப்பதையே பொறுத்துள்ளது. பள்ளி நாள்காட்டிக்கும் செடியின் தேவைக்கும் உள்ள இம்முரண் எளியது. ஆயினும் பல மரநடு விழாக்களின் பயனை அதுவே தீர்மானித்துள்ளது.

1972இன் ஸ்டாக்ஹோம் மாநாடும் 1977இன் திபிலிசி மாநாடும் சுற்றுச்சூழல் கல்வியை உலகளாவிய கொள்கையாக்கின. 'சுற்றுச்சூழலைப் பற்றி' அறிவதோடு அமையாமல், சுற்றுச்சூழல் சிக்கல்களைத் தீர்க்கும் திறனையும் பங்கேற்பையும் கல்வி வளர்க்க வேண்டும் என்பது திபிலிசி அறிவிப்பின் சாரம். இந்தியாவில் 1984இல் அகமதாபாத்தில் சுற்றுச்சூழல் கல்வி மையமும், 1980களின் இறுதியில் சென்னையில் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையமும் உருவாயின. 1986இன் தேசியக் கல்விக் கொள்கை சுற்றுச்சூழல் விழிப்புணர்வை எல்லா நிலைகளிலும் வலியுறுத்தியது.

எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22 அன்று வழங்கிய தீர்ப்பு, பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்குவதற்கு வழிகோலியது. 2003 திசம்பர் 18 அன்று அந்நீதிமன்றம் அதன் நடைமுறையை மீண்டும் வலியுறுத்தியது. ஒரு கல்விப்பொருள் நீதிமன்ற ஆணையின் வழி பாடத்திட்டத்தில் நிலைபெறுவது இந்தியக் கல்வி வரலாற்றில் அரிய நிகழ்வாகும். அதன் விளைவும் இருவகைப்பட்டது. சுற்றுச்சூழல் எல்லா மாணவரையும் எட்டியது. அதே வேளையில் மதிப்பெண்ணுக்குரிய மற்றொரு பாடமாகவும் சுருங்கியது.

2001–02இல் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் தொடங்கிய தேசிய பசுமைப் படை, பாடத்துக்கு வெளியே செயற்பாட்டுக்கு இடம் தேடியது. பள்ளிதோறும் 30 முதல் 50 மாணவர்களைக் கொண்ட சுற்றுச்சூழல் மன்றம், அதற்கு ஒரு பொறுப்பாசிரியர், ஆண்டுக்கு ஒரு சிறுதொகை என்பது அதன் கட்டமைப்பு. தொடக்கத்தில் மாவட்டத்துக்கு 100 பள்ளிகள் என்ற இலக்கு பின்னர் 250 ஆக உயர்ந்தது. தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் போலச் சேலம் மாவட்டமும் இத்திட்டத்துள் வந்தது. மரம் நடுதல், நெகிழி ஒழிப்புப் பேரணி, ஓவியப் போட்டி, மூலிகைத் தோட்டம் முதலியன மன்றங்களின் வழக்கமான பணிகளாயின. 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு விதித்த தடை இம்மன்றங்களுக்குப் புதிய களம் தந்தது. 2024 சூன் 5 அன்று தொடங்கிய தாயின் பெயரில் ஒரு மரம் என்னும் இயக்கம், நட்ட கன்றின் படத்தை இணையத்தில் பதிவேற்றும் முறையைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. பதிவு என்னும் சொல் இங்கே இடம்பெறினும் பதியப்படுவது நடும் கணமே. அக்கன்றின் ஐந்தாம் ஆண்டு அதில் இடம்பெறுவதில்லை.

இத்தகைய பணிகள் மாணவரிடம் ஆர்வத்தையும் ஒழுகலாற்றையும் வளர்த்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்கி அந்த ஆண்டிலேயே முடிவது அவற்றின் பொதுவியல்பு. இவ்வியல்பிலிருந்து விலகிய சில முயற்சிகள் வேறு நிலப்பரப்புகளில் தோன்றின. மலைக்கு அவை தரும் பாடத்தை அறிய ஒப்பீடு கடற்கரைக்கு நகர வேண்டியுள்ளது.

5. சென்னைக் கடற்கரை: மாணவர் தாமே தொடங்கிய பணி

சோழமண்டலக் கடற்கரைக்குத் திசம்பர் முதல் ஏப்ரல் வரை முட்டையிட வரும் கடலாமையைத் தமிழக மீனவர் 'பங்குனி ஆமை' என வழங்குவர். ஒரு பருவநோக்கையே பெயராக்கிய வழக்கு இது. தமிழில் உயிரினப் பெயர்களே சில வேளைகளில் மிகச் சுருக்கமான பதிவேடுகளாக அமைவதற்கு இப்பெயர் சான்று.

1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த ரோமுலஸ் விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் முதலியோர் இரவில் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடினர். முட்டைகளைப் பாதுகாப்பான இடத்தில் புதைத்துப் பொரிக்கச் செய்யும் பொரிப்பகமும் அப்போது உருவாயிற்று. பின்னர் அரசுத் துறைகள் சில ஆண்டுகள் அப்பணியை மேற்கொண்டன. 1988இல் கல்லூரி மாணவர் சிலர் ஒன்றுகூடி மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் சூழலியல் அறிஞராகி, இந்தியக் கடலாமைப் பாதுகாப்பின் வரலாற்றை 2015இல் நூலாக எழுதினார்.

பணியின் முறை எளியது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கி.மீ. மணற்பரப்பை நள்ளிரவுக்குப் பின் நடந்து கடக்க வேண்டும்; ஆமையின் தடத்தைக் கண்டு கூட்டை அறிய வேண்டும்; நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை எண்ணி எடுத்து, அதே ஆழத்தில் பொரிப்பகத்தில் புதைக்க வேண்டும்; நாளையும் எண்ணிக்கையையும் குறிக்க வேண்டும். ஏறத்தாழ 45 முதல் 50 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். கடலின் மெல்லொளியை நாடிச் செல்ல வேண்டிய குஞ்சுகள் நகரின் விளக்கொளியால் திசைமாறிச் சாலையை நோக்கிச் செல்வதால், அவற்றைக் கடலோரத்தில் விடுவதும் பணியின் ஒரு பகுதி. மணலின் வெப்பநிலையே குஞ்சின் பாலினத்தை முடிவு செய்கிறது. எனவே நாளும் வெப்பமும் குறித்த எளிய அட்டவணைகூட அறிவியல் மதிப்புடையதாகிறது.

இவ்வமைப்பின் வரலாற்றில் இரு கூறுகள் கருதத்தக்கவை. ஒன்று, அதில் பங்கேற்ற மாணவர் ஒவ்வொருவரும் சில பருவங்களில் விலகினர். பணியோ முப்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நடைபெறுகிறது. மூத்தோர் இளையோர்க்குக் கற்பித்த நடையும் கையளித்த குறிப்பும் அத்தொடர்ச்சியைத் தந்தன. மற்றொன்று, குறிப்பின் பொதுப்பயன். 2025 சனவரியில் சென்னையிலும் அண்டை மாவட்டக் கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. அது வழக்கத்தை மீறிய பேரிழப்பு என உடனே கூற முடிந்தமைக்குக் காரணம், வழக்கம் எது என்பதை முந்தைய ஆண்டுகளில் எண்ணி வைத்தோர் இருந்தமையே. இழுவைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல்மைல் தொலைவுக்குள் மீன்பிடித்தலாகாது என்னும் விதியின் நடைமுறை குறித்த பொதுவிவாதமும் அந்த எண்ணிக்கையிலிருந்தே வலுப்பெற்றது. எண்ணிக்கை இங்கேயும் உண்டு. ஆயின் அது நிலத்தின் நிலையை அளக்கும் எண்ணிக்கை. வனமகோற்சவ அறிக்கையின் எண்ணிக்கையோ செய்தவரின் செயலை அளப்பது.

6. பருவத்தைப் பதிதல்: பள்ளி அளவிலான முன்மாதிரி

கடலாமைப் பணி பெரிதும் கல்லூரி மாணவரால் நடந்தது. பள்ளி மாணவர்க்கு உரிய முன்மாதிரியைச் சீசன் வாட்ச் என்னும் திட்டம் தருகிறது. 2010 அளவில் தொடங்கிய இத்திட்டத்தில் பெரும்பங்கு தரவு கேரளப் பள்ளி மாணவரிடமிருந்து கிடைத்துள்ளது. மாணவர் தம் வளாகத்தில் அல்லது வீட்டருகில் ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்வர். வாரம் ஒருமுறை அதன் தளிர், முதிர்ந்த இலை, மொட்டு, மலர், காய், கனி ஆகியவை இல்லை, சில, பல என மூன்று நிலைகளுள் எதில் உள்ளன எனக் குறிப்பர். கருவி வேண்டா, செலவு இல்லை, மரத்துக்கு இடையூறும் இல்லை. விஷுவுக்குரிய கொன்றை எப்போது பூக்கிறது, மா எப்போது காய்க்கிறது என்னும் அன்றாட வினாக்கள் காலநிலை மாற்றம் பற்றிய ஆய்வுக்குத் தரவாகின்றன.

இம்முறைக்கு இந்தியக் கல்விக் கொள்கையிலேயே அடித்தளம் உண்டு. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காக மாதவ் காட்கில் தலைமையில் அமைந்த 'வாழிடமும் கற்றலும்' குழு, மாணவரின் செயல்திட்டங்கள் மதிப்பெண் பெற்றபின் பரணில் கிடக்கும் தாள்களாக முடியாமல், உள்ளூர்ச் சூழல் பற்றிய பொதுத் தரவாகத் திரட்டப்பட வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தது. அதே காட்கில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்னும் கருத்தாக்கத்தின் முன்னோடியுமாவார். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அமைக்க வழிசெய்தது; 2004ஆம் ஆண்டின் விதிகள் அக்குழுவின் முதன்மைப் பணியாகப் பதிவேட்டைக் குறித்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 சனவரி 31 எனக் காலக்கெடு விதித்த பின் நாடு முழுவதும் பதிவேடுகள் பெருகின. ஒருமுறை எழுதி முடிப்பதற்குக் காலக்கெடு உதவும். ஆண்டுதோறும் புதுப்பிப்பதற்கோ ஆண்டுதோறும் அவ்வூரில் இருக்கும் ஒரு நிறுவனம் வேண்டும். ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் இருக்கும் அத்தகைய நிறுவனம் பள்ளிக்கூடமே.

7. சேர்வராயன் மலையில் பதிவுக்குரியவை

மேற்கண்ட இரு முன்மாதிரிகளையும் மலைக்குப் பொருத்திப் பார்க்கையில் நான்கு பொருள்கள் முன்னிற்கின்றன.

முதலாவது குறிஞ்சி. சங்க மரபில் மலைநிலத்துக்கே பெயர் தந்த இப்பூவின் நீலக்குறிஞ்சி இனம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமன்றிச் சேர்வராயன் மலையிலும் காணப்படுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூப்பது அதன் இயல்பு. மூணாறு பகுதியில் 2006இலும் 2018இலும் பெருமலர்ச்சி நிகழ்ந்தது. பழனிமலைப் பளியர் குறிஞ்சி பூத்த முறைகளைக் கொண்டு வயதைக் கணக்கிட்டனர் எனக் கூறப்படுவதுண்டு. முதல் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளிக்காலமும் பன்னிரண்டு ஆண்டுகளே. ஒரு மலர்ச்சிக்கு அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் சேரும் குழந்தை, மறு மலர்ச்சியைப் பள்ளியின் இறுதியாண்டில்தான் காணும். இரு மலர்ச்சிகளையும் ஒப்பிட வேண்டுமெனில் முன்னைய மாணவர் எழுதிவைத்த குறிப்பு தேவை. மாணவரின் காலமும் இயற்கையின் காலமும் சந்திக்கும் புள்ளியாகக் குறிஞ்சி விளங்குகிறது.

இரண்டாவது காப்பிப் பூ. கோடைமழை பெய்த ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாள்களில் காப்பிச் செடிகள் வெண்ணிறமாகப் பூத்து, சில நாள்களில் உதிர்கின்றன. அம்மழை தவறினால் அல்லது காலம் மாறினால் விளைச்சல் குறையும். மழைமானி ஒன்றும் நாள்குறிப்பு ஒன்றும் இருந்தால் மழைக்கும் மலர்ச்சிக்கும் இடைப்பட்ட நாள்களை எந்தப் பள்ளியும் பதிய முடியும். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்வாதாரத்தோடு இணைந்த தரவு இது.

மூன்றாவது நீர். சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் ஊடே ஓடிக் காவிரியில் கலக்கிறது. மலையடிவாரத்திலுள்ள மூக்கனேரியும் இம்மலை நீரையே நம்பியுள்ளது. சேலம் மக்கள் குழு 2010இல் அவ்வேரியைச் சீரமைக்கத் தொடங்கியபோது, மலைக்கும் நகருக்கும் உள்ள நீர்த்தொடர்பு பொதுமக்களின் கவனத்துக்கு வந்தது. ஊற்று எந்த மாதம் வரை ஓடியது என்னும் ஒற்றை வரிக் குறிப்பை மலைக்கிராமப் பள்ளியும், ஏரியின் நீர்மட்டத்தை அடிவாரப் பள்ளியும் எழுதினால், இரண்டும் சேர்ந்து ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் வரலாறாகும்.

நான்காவது தோண்டப்பட்ட நிலம். பாக்சைட் எடுக்கப்பட்ட முகடுகளில் எந்தத் தாவரம் முதலில் வருகிறது, நட்ட மரம் நிற்கிறதா, தானே முளைத்தவை எவை என்பன ஆண்டுக்கு ஒருமுறை ஒரே இடத்திலிருந்து எடுக்கும் படத்தாலும் பட்டியலாலும் அறியத்தக்கவை. செடியின் பெயரை மலையாளி மக்களின் வழக்கிலும் தாவரவியல் வழக்கிலும் இணைத்து எழுதுவதற்கு ஊர் முதியோரும் ஏற்காட்டின் தாவரவியல் தோட்டமும் ஒருங்கே ஆசிரியராகலாம். உறைவிடப் பள்ளி மாணவரும் உண்டு உறைவிடப் பள்ளி மாணவரும் இணைந்து எழுதும் குறிப்பேட்டுக்கு இதுவே இயல்பான தொடக்கம்.

இந்நான்கிலும் ஓர் எச்சரிக்கை தேவை. அரிய ஆர்க்கிட், மருந்துச்செடி ஆகியன வளரும் துல்லியமான இடத்தைப் பொதுவெளியில் இடுவது அவற்றைப் பறிப்போர்க்கு வழிகாட்டுவதாகிவிடும். பழங்குடியினரின் மருத்துவ அறிவு அவர்தம் உரிமை. அவர்கள் இசைவின்றி அதனைச் செயல்திட்ட ஏட்டில் எழுதுதல் முறையன்று. எதனை எழுதலாகாது என அறிவதும் பதிவுக் கல்வியின் ஒரு கூறு.

8. முடிவுரை

மாணவர் சூழலியல் பணியின் நூறாண்டு வரலாறு இரு மரபுகளைக் காட்டுகிறது. மரநடு விழா மரபு பரந்த பங்கேற்பைத் தந்தது. ஆயின் ஆண்டுதோறும் தொடக்கநிலைக்கே திரும்பியது. பதிவேட்டு மரபு சிறுகுழுக்களால் நடத்தப்பட்டது. ஆயின் ஆண்டுதோறும் வளர்ந்தது. சேர்வராயன் மலையின் நிலவரலாறு முன்னதன் எல்லையைத் தெளிவாக்குகிறது. அங்கு மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. மலைக்குரிய மரம் அருகியது.

இவ்விரு மரபுகளும் பகையானவை அல்ல. நட்ட கன்றுக்கு எண் இட்டு, அடுத்த வகுப்பினர் அதன் உயரத்தையும் உயிர்ப்பையும் எழுதத் தொடங்கும்போது விழாவே பதிவேட்டின் முதற்பக்கமாகிறது. அதற்குப் புதிய நிதியோ புதிய திட்டமோ வேண்டியதில்லை. மன்றத்தின் பொறுப்பாசிரியர் மாற்றலாகும்போது ஏட்டை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் நடைமுறையும், கோடை விடுமுறையில் நீர் வார்க்கவும் நோக்கவும் ஊரிலேயே தங்கும் மாணவர்க்கு உரிய பொறுப்பும், பள்ளி ஏட்டின் படியை ஊராட்சியின் பல்லுயிர்க் குழு பெற்றுக்கொள்ளும் ஏற்பாடும் போதுமானவை. சுற்றுச்சூழல் மன்றங்களை மதிப்பிடுவோர் இவ்வாண்டு நட்ட கன்றுகளைக் கேட்பதோடு, ஐந்தாண்டுகளுக்கு முன் நட்ட கன்றுகளின் ஏட்டையும் கேட்பாராயின், பள்ளிகளின் பணிமுறை அதற்கேற்ப மாறும். மூணாற்றின் சுழற்சிப்படி அடுத்த குறிஞ்சி மலர்ச்சி 2030ஆம் ஆண்டை ஒட்டி எதிர்பார்க்கப்படுகிறது. சேர்வராயன் மலைப் பள்ளிகள் தம் முதற்பக்கத்தை எழுதுவதற்கு அதுவரை காலம் உள்ளது.